அப்ரூவலுக்குப் போன பச்சைக் கார்

திருமூர்த்தி தைத்து அனுப்பிய பனியன்களை ஒரே கொடியில் காயப்போட்டால் பல்லடத்தில் தொடங்கிப் பாரிசில் போய் முடியும். அவற்றில் ஒன்றுக்குக்கூட நிறம் அவர் தேர்ந்தெடுத்தது இல்லை.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. திருப்பூரில் தொழில் நடக்கும் முறையே அதுதான். நிறத்தைச் சொல்வது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர். அவர் சொன்ன நிறத்தை உள்ளங்கை அகலத் துணியில் ஏற்றி, கூரியரில் அனுப்பிவிட்டு, இங்கே கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ‘நீலம் சற்றுத் தூக்கல்’ என்று பதில் வரும். குறைத்து அனுப்பினால், ‘இப்போது நீலம் போதவில்லை’ என்று வரும். திரும்பத் திரும்ப அனுப்புகிற இந்தத் தவத்துக்கு ரீசப்மிட் என்று பெயர். கடைசியில் அப்ரூவல் என்ற வரம் கிடைக்கும். அது கிடைக்கும்வரை கத்தரி துணியைத் தொடக் கூடாது. நார்வேயில் இன்னும் பிறக்காத ஒரு குழந்தையின் ஜட்டி என்ன நீலம் என்பதற்காகத் திருமூர்த்தி பல இரவுகள் புரண்டு படுத்திருக்கிறார். பிறந்த குழந்தை அதை நனைத்தபோது, நீலம் சரிதானா என்று ஒருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்படியே வாழ்ந்தவருக்குச் சொந்த வாழ்க்கையிலும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. பல்லடத்துக்குத் தெற்கே தோட்டம் துரவு உள்ள குடும்பம். கிணறு வற்றியதும் திருப்பூருக்குப் போகச் சொன்னது பெரியப்பா, இவர் வந்தார். கட்டிங் டேபிளில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். துணிமூட்டை ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் டெம்போ ஓட்டச் சொன்னார்கள், ஓட்டினார். பிறகு நான்கு தையல் மெஷினோடு சொந்தமாக ஆரம்பித்து, அது நாற்பதாகி, இப்போது முதலாளி. ராயபுரத்து வீட்டுக்கு என்ன வர்ணம் என்று பெயின்டர் கேட்டபோது, “நீங்க எது அடிச்சாலும் சரிங்க” என்றார். ஓட்டலில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, “எனக்கும் அதேதானுங்க” என்பார். ஒருமுறை எதிரே இருந்தவர் ரத்தக் கொதிப்புக்காரர். அன்று இருவரும் உப்பில்லாத கஞ்சி குடித்தார்கள்.

அவருக்கு அறுபது நிறையப் போகிற வருடம் மகன் தரணீதரன் ஒரு யோசனையோடு வந்தான். இங்கிலாந்தில் மேலாண்மை படித்துத் திரும்பியவன். எதற்கும் அட்டவணை போடாமல் வாயைத் திறக்க மாட்டான். பெண் பார்த்தபோதும் போட்டான். அது பெண் வீட்டார் கண்ணில் பட்டதோடு அந்தச் சம்பந்தம் நின்றுபோனது.

“அறுவதுக்கு உங்களுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிரலாமுங்கப்பா” என்றான். “உங்களுக்காகத்தானுங்க.”

அவன் ‘உங்களுக்காக’ என்று அழுத்தியதிலேயே, அந்தக் காரை ஓட்டப்போவது யார் என்பது தாய் ரங்காத்தாளுக்குத் தெரிந்துவிட்டது. குழம்புக் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு மகனைப் பார்த்தாள். அவன் செல்போனில் அட்டவணையைத் திறந்துகொண்டிருந்தான்.

“வெள்ளைக் கலருங்கப்பா. ஜெர்மன் வண்டி. நின்ன எடத்துலிருந்து நாலே செகண்டுல நூறு தொட்டுரும்.”

திருமூர்த்தி யோசித்தார். வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போகிற வழியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். முதல் திருப்பத்தில் ஒரு வேகத்தடை. அதற்கு மேல் கட்டிங் வேஸ்ட் மூட்டையைத் தன்னைவிட மூன்று மடங்கு அகலத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற ஆட்டோ. அப்புறம் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிடுகிற கம்பெனி பஸ். அப்புறம் கோழி லாரி.

“நாலு செகண்டுல நூறு போயிருவமுங்க. அஞ்சாவது செகண்டுல எங்க கண்ணு நிப்போம்?”

“அது ஒரு பர்பாமன்சுங்கப்பா. இருக்குதுங்கறதே ஒரு பெருமை.”

இதற்குத் திருமூர்த்தி வழக்கம்போல, “நீங்க சொன்னா சரிங்க கண்ணு” என்றார். அத்துடன் அந்த விஷயம் முடிந்திருக்க வேண்டும். இந்தக் கதைக்கே தேவை இருந்திருக்காது.

வெள்ளைக் கார் கோயமுத்தூரில், தனபால் என்பவரின் விற்பனைக் கூடத்தில் நின்றது. வெளிநாட்டு வண்டிகளைக் கைமாற்றி விடுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் போனார்கள். வண்டி ஓட்டிப் போனது டிரைவர் ஜெபக்குமார், சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். பதினாறு வருடமாகத் திருமூர்த்தியை முன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, அவர் இருமுவதற்கு முன்பே தண்ணீர் பாட்டிலை நீட்டக்கூடியவர்.

வெள்ளைக் காரில் தரணி அப்பாவை உட்காரவைத்துப் பைபாஸில் ஒரு சுற்றுப் போய்வந்தான். இறங்கும்போது திருமூர்த்தியின் தலைமுடி இருந்தபடியே இருந்தது. முகம் மட்டும் பின்பக்கமாகச் சீவிவிட்டது போல இருந்தது.

“எப்படிங்கப்பா?”

“நல்லா இருக்குதுங்க கண்ணு. தலைவலி மாத்திரை எதாச்சும் இருக்குதா?”

மாத்திரை வாங்க ஜெபக்குமார் போனார். தரணி தனபாலோடு பேச அலுவலக அறைக்குள் போனான். திருமூர்த்தி நிழல் தேடிக் கூடத்தின் பின்பக்கம் நடந்தார். அங்கே, துடைப்பத்துக்கும் பழைய டயருக்கும் நடுவில் ஒரு சின்னக் கார் நின்றுகொண்டிருந்தது. சுண்டைக்காய்ப் பச்சை. இரண்டே இருக்கை. தரையோடு தரையாக, மடியில் ஏறி உட்காரப் பார்க்கிற நாய்க்குட்டி மாதிரி முகம். வயதும் ஆகியிருந்தது. இத்தனையும் அவர் பிறகுதான் கவனித்தார். முதலில் பார்த்தது அதன் கூரையை.

கூரை துணியால் ஆனது.

திருமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கூரையின் ஓரத்தைப் பிடித்து உருட்டிப் பார்த்தார். முப்பது வருடமாக அந்த இரண்டு விரல்களுக்குச் சிக்காத துணி திருப்பூரில் இல்லை. அவர் நெற்றி சுருங்கியது.

மாத்திரையோடு வந்த ஜெபக்குமார் அந்தச் சுருக்கத்தைப் பார்த்தார். துணியைத் தொட்டுவிட்டு முதலாளி நெற்றியைச் சுருக்கினால், எடை பார்க்கத் துணியை வட்டமாக வெட்டுகிற கருவியை வண்டியிலிருந்து எடுத்துவந்து நீட்டுவது அவருடைய கடமை. நீட்டினார். திருமூர்த்தியும் வாங்கிக் கூரைமேல் வைத்துவிட்டார். அறைக்குள்ளிருந்து தனபால் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

“என்னுங்க பண்றீங்க?”

“எத்தனை ஜிஎஸ்எம்முன்னு பாக்கலாமுன்னுங்க.”

“காருங்க இது.”

“ஆமாமுங்க. மறந்துட்டனுங்க.”

கையை எடுத்தாரே தவிர, இடத்தை விட்டு நகரவில்லை. கதவைத் திறந்து தலையைக் கீழே விட்டு, இருக்கை உறையின் உள்பக்கத் தையலை நகத்தால் எண்ணத் தொடங்கினார்.

“எஞ்சினப் பாக்கலீங்களா?” என்றார் தனபால், விற்காத பொருளுக்கு வந்த ஆளை விடவும் மனமில்லாமல், நம்பவும் முடியாமல்.

“பிசிறு தெரியற எடத்துல எல்லாரும் நல்லாத்தானுங்க தைப்பாங்க. யாரும் பாக்காத எடத்துல பாருங்க, ஒரு தையல் தாவலீங்க. இவ்வளவு ரோசமா தைச்சவன் எஞ்சின மட்டும் சும்மா உட்டுருப்பானுங்களா?”

“ஸ்பீடு ஒண்ணும் பெருசா வராதுங்க. சொல்லிப்போடறேன்.”

“வராட்டிப் போவுதுங்க.”

தனபால் கொக்கிகளைக் கழற்றிக் கூரையைக் கையால் மடித்துப் பின்னால் வைத்தார். சேலை மடிகிற மாதிரி மடிந்தது. திருமூர்த்தி உள்ளே இறங்கி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின், கூட்டத்தில் பேச எழுந்த வயதான ஆள் தொண்டையைச் செருமுவதுபோல ஒருமுறை செருமிவிட்டு, தன்பாட்டுக்கு முணுமுணுக்க ஆரம்பித்தது. கியர் குச்சி, டெம்போவில் இருந்ததைப் போலவே கைக்கு வாகாக இருந்தது. அந்தக் கூடத்தின் பின்முற்றத்தைச் சுற்றி, பழைய டயரை ஒட்டி, இரண்டு வட்டம் போனார்.

அன்று சாயங்காலம் ஜெபக்குமார் சாவியைக் கொடுக்க வந்தபோது ரங்காத்தாளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ம்மா, மொதலாளி சிரிச்சாவ.”

“எதுக்கு?”

“அதாம்மா தெரியல. யாரும் ஒண்ணும் சொல்லல. அந்தப் பச்ச வண்டில ஏறி உக்காந்து தானா சிரிச்சாவ. பதினாறு வருசத்துல நான் பாத்ததில்ல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சி.”

“ரெண்டு சீட்டு வண்டிங்கறீங்க. அது வந்தா நீங்க எங்க உக்காருவீங்க, ஜெபக்குமாரு?”

“அத நானும் யோசிச்சேன்” என்றார் ஜெபக்குமார். “யோசிச்சி, பெறகு வுட்டுட்டேன்.”

வீட்டில் இப்போது ஒரு வினோதமான நிலைமை உருவானது. தரணி வெள்ளைக் காருக்குத் தேதி குறித்துக்கொண்டிருந்தான். ‘சரிங்க கண்ணு’ என்று சொல்லிவிட்ட திருமூர்த்தி, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தெரியாமல் தவித்தார். வாங்கிப் பழக்கமில்லை. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் விரலால் ஒரு காரை வரைந்தார். அதற்குக் கூரை போட்டார். கூரையை மடித்தார். மூன்றாம் நாள் காலை, தொண்டையைச் செருமிவிட்டு, “அந்தப் பச்சை வண்டி” என்றார்.

“எந்தப் பச்சை வண்டிங்கப்பா?”

சொன்னார். தரணி அட்டவணையில் ஒரு வரிசை சேர்த்து, தகவல்களை நிரப்பி, அப்பாவுக்குக் காட்டினான். ஒரு கட்டத்தில்கூடப் பச்சைக் கார் ஜெயிக்கவில்லை. வேகம் இல்லை, இடம் இல்லை, ஏர்பேக் பாதிதான், உதிரி பாகம் கிடைக்காது, கூரை ஒழுகலாம்.

“எந்தக் காரணத்துக்குன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கப்பா, ஒத்துக்கறேன்.”

திருமூர்த்தி வாயைத் திறந்தார். காரணம் வரவில்லை. “ஆத்தாகிட்ட பூக் கேட்டுப் பாத்தரலாமுங்க” என்றார்.

கொங்கு நாட்டில் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, மனசு இரண்டுபட்டால் குலதெய்வத்திடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை ஓர் இலையிலும் மடித்து, அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். வந்த பூவுக்கு மேல் பேச்சு கிடையாது. தரணி உடனே சம்மதித்தான். அவனுடைய கணக்குப்படி பாதிக்குப் பாதி வாய்ப்பு. அட்டவணையைக் காட்டி அப்பாவிடம் பேசுவதைவிட அது மேல்.

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு தோட்டத்துப் பக்கம் இருக்கிற அம்மன் கோயிலுக்குப் போனார்கள். வெள்ளைப் பூ வந்தால் வெள்ளைக் கார். சிவப்பு வந்தால் பச்சைக் கார். பூசாரி மயில்சாமி இரண்டு பொட்டலங்களையும் தட்டில் குலுக்கிக் காலடியில் வைத்தார். எடுப்பது ரங்காத்தாள் என்று முடிவானது. கிறிஸ்தவரான ஜெபக்குமார் வாசலுக்கு வெளியே, செருப்புகளுக்குக் காவலாக நின்றார்.

ரங்காத்தாள் கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

தரணி தனபாலுக்குப் போன் போடச் செல்லை எடுத்தான்.

“இருங்க கண்ணு” என்றார் திருமூர்த்தி. பூசாரியின் பக்கம் திரும்பினார். “பூசாரிங்க, இத ரீசப்மிட் பண்ணலாமுங்களா?”

“அதென்னுங்க அது?”

“ஆத்தா இப்ப ரிஜெக்ட் பண்ணியிருக்குதுங்க. அது பரவால்லீங்க, எங்க தொழில்ல சகஜந்தான். ஆனா எதனாலன்னு கமெண்ட்ஸ் ஒண்ணும் இல்லீங்களே. கமெண்ட்ஸ் வந்தாத்தானுங்க திருத்திக் குடுக்க முடியும்.”

மயில்சாமி கருவறையைத் திரும்பிப் பார்த்தார். அம்மன் கமெண்ட்ஸ் ஏதும் சொல்கிற மாதிரித் தெரியவில்லை. “கேட்டதையே திருப்பிக் கேக்கறது மொறை இல்லீங்க” என்றார். யோசித்து, “கேள்விய மாத்திக் கேட்டா தப்பில்லீங்க” என்றார்.

அந்த ஒரு இடைவெளி போதும். அதற்குள் ஒரு கன்டெய்னரையே நுழைத்து அனுப்பிவைக்கக் கூடியவர் திருமூர்த்தி. ஆத்தா எதற்காக மறுத்திருப்பாள் என்று ஆராய்ந்தார். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பயந்திருப்பாள். தாய் மனசு. கை கூப்பிக்கொண்டு, “ஆத்தா, அந்தப் பச்சை வண்டிய வாங்குனா அறுவது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓட்ட மாட்டேன். அப்படீன்னா சரிங்களா?” என்றார்.

பொட்டலங்கள் குலுங்கின. வெள்ளை.

“ஆத்தா, நாப்பது. அதுக்கு மேல முள்ளு ஏறாது.”

“ஏனுங்கப்பா, அட்டவணையிலயே அந்த வண்டிக்கு ஸ்பீடு இல்ல” என்றான் தரணி. “நீங்க இன்னும் கொறைச்சுக்கிட்டே போறீங்க. இன்னும் ரெண்டு தாட்டி கேட்டீங்கன்னா தள்ளிக்கிட்டுத்தான் வரோணும்.”

“நீங்க சித்த சும்மா இருங்க கண்ணு.”

தரணி செல்லைப் பைக்குள் போட்டான். அவன் பிறந்ததிலிருந்து அவனை அவர் சும்மா இருக்கச் சொன்னதில்லை. வாசலுக்கு வெளியே ஜெபக்குமாரின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வேறொரு இடத்திலும் மனு போயிருந்தது என்று தெரிந்தது.

ரங்காத்தாள் மூன்றாம் முறையாக ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை.

மயில்சாமி தட்டைக் கீழே வைத்துவிட்டார். கேள்வியை இனிமேல் எப்படி மாற்றினாலும் தன்னால் ஆகாது என்பது அவர் முகத்தில் இருந்தது. திருமூர்த்தி இரண்டு கையையும் கூப்பியபடியே நின்றார். நகரவில்லை. ரிஜெக்ட் ஆன சரக்கோடு துறைமுகத்தில் நிற்கிற ஆளைப் போல நின்றார்.

“போலாமுங்களாப்பா? சாமியே மூணு தாட்டி சொல்லிருச்சு.”

“போலாமுங்க கண்ணு” என்றார். கால் நகரவில்லை.

ரங்காத்தாள் அவர் எதிரே வந்து நின்றாள்.

“ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன். ஊட்டுக்குப் பெயின்டு அடிச்சப்ப என்ன கலரு கேட்டீங்க?”

“ஒண்ணும் கேக்கலியே.”

“இந்தக் கண்ணாடி யாரு எடுத்தது?”

“கடைக்காரருதான் குடுத்தாரு.”

“அத உடுங்க. என்னையக் கட்டுனீங்களே, நீங்க பாத்தா கட்டுனீங்க? உங்க பெரியப்பா வந்து பாத்துட்டுப் போயி அப்ரூவல் குடுத்தாரு. நீங்க முகூர்த்தத்தன்னிக்குத்தான் என்ற மூஞ்சியையே பாத்தீங்க.”

“இப்ப எதுக்குப் புள்ள அது?”

“நம்ம ஊட்டு நாய்க்கிட்டகூட மாட்டேன்னு சொல்லத் தெரியாத மனுசன், ஆத்தா மூணு தாட்டி வேண்டாம்னும் கைய எறக்காம நிக்கறீங்க. அந்த வண்டியில அப்படி என்னதான் இருக்குதுங்க?”

திருமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அதுல ஏறி எங்கயும் போய்ச் சேரோணும்னு தோணல புள்ள. போய்க்கிட்டே இருந்தாத் தேவலைன்னு இருக்குது. மேல தெறந்து கெடக்குது. டெம்போ ஓட்டுனப்ப மூட்டை நனைஞ்சிருமோன்னே வானத்தப் பாப்பேன். இதுல சும்மா பாக்கலாம்.”

ரங்காத்தாள் மகனிடம் திரும்பினாள். “பச்சை வண்டிக்குச் சொல்லிப்போடு, சாமி.”

“அம்மா, ஆத்தா வேண்டாம்னு சொல்லியிருக்குது.”

“சொல்லுச்சு. இல்லீங்கல. ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். பொம்பளைக்குப் பொம்பளை.” சொன்னபடியே கருவறைக்கு முன்னால் போய், தலையைச் சாய்த்துக்கொண்டு ஏதோ பேசினாள். கொஞ்சநேரம்தான். பேச்சுவார்த்தையின் விவரம் இன்றுவரை வெளியாகவில்லை. திரும்பி வரும்போது மயில்சாமியிடம், “வர்ற கோயில் நோம்பிக்கு ஒண்ணுக்கு ரெண்டாப் பொங்கல் வெச்சர்லாமுங்க” என்று மட்டும் சொன்னாள்.

கார் வந்தது. தனபால் அதைத் தள்ளுபடியில் கொடுக்கத் தயாராக இருந்ததோடு, தன் கடையில் முதல்முறையாக ஒருவர் கூரையைப் பார்த்து வாங்கியதில் மனம் கலங்கி, புது டயரையும் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு இருக்கையில் ஒன்று திருமூர்த்திக்கு, ஒன்று ரங்காத்தாளுக்கு. ஜெபக்குமார் பெரிய வண்டியில் தண்ணீர் பாட்டில், தலைவலி மாத்திரை, மழை வந்தால் குடை எல்லாவற்றோடும் பின்னால் வந்தார். வண்டி ஓட்டத் தெரியாமல் அல்ல, முன்னால் போகிற வண்டியை முந்த மனம் வராமல் அவர் பட்ட பாடு தனிக்கதை.

ஆத்தா சம்மதிக்காத வண்டி என்பதைத் திருமூர்த்தி ஒரு கணமும் மறக்கவில்லை. ஏதாவது உரசினால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரியும். தவிர, நாற்பது என்று வாக்குக் கொடுத்திருந்தார். ‘நாம் சொன்ன விலைக்குத்தான் பையர் ஒத்துக்கொள்ளவில்லையே, அப்புறம் அந்த விலை நம்மை எப்படிக் கட்டுப்படுத்தும்?’ என்று தரணி கேட்டான். கொடுத்த சொல்லைப் பையர் ஏற்காவிட்டாலும் மாற்றுவது திருப்பூரில் பழக்கமில்லை என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஆக, மேற்படி ஸ்போர்ட்ஸ் கார் பல்லடம் சாலையில் நாற்பதில் போனது. கூரை மடிந்து கிடந்தது. கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டியது. ஜன்னலோரப் பெண்கள் குனிந்து உள்ளே பார்த்தார்கள். மொபட்டில் போன ஒரு பெரியவர், முந்திச் செல்லும்போது வண்டியை மெதுவாக்கி, “ரிப்பேருங்களா?” என்று அக்கறையோடு விசாரித்தார்.

“இல்லீங்க, நல்லா இருக்குதுங்க” என்றார் திருமூர்த்தி.

கோழி லாரி கடந்துபோனது. சிறகுகள் பறந்துவந்து ரங்காத்தாளின் தலைமேல் இறங்கின. அவள் ஒன்றை எடுத்து ஊதிவிட்டு, வேகம் காட்டுகிற முள்ளை எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, இன்னும் கொஞ்சம் கொறைச்சு, முப்பதுலயே போங்களேன். எதுக்கு வம்பு?”

திருமூர்த்தி வானத்தைப் பார்த்தார். அப்புறம் சாலையைப் பார்த்தார்.

“மாட்டேன், புள்ள” என்றார்.